மாமூட்டையோடு வரும் எண்

இது ஆய்வுக் கட்டுரை அல்ல. அடிக்குறிப்புப் போடும் வசதியோ நேரமோ இரவு வேலைக்காரனுக்குக் கிடையாது. ரொறன்ரோவின் பொது நூலகங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் படித்தவற்றையும், கடந்த பதினாறு வருடங்களாகப் பாண் தொழிற்சாலையொன்றில் மா குழைக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று கண்டவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். விவாதத்துக்காகவே எழுதுகிறேன்.

எமது தொழிற்சாலைக்கு மா 20 கிலோ மூட்டைகளில் வருகிறது. ஒவ்வொரு அடுக்கின் மேலும் மா ஆலைக்காரர் ஒட்டி அனுப்பும் தாளில் ஈரப்பதன், சாம்பல் என்று சில எண்கள் இருக்கும். நாங்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: புரதம். 13.3 வீதம் என்றால் வழமைபோலத் தண்ணீர் விடலாம். 12.6 என்றால் தண்ணீரையும் குழைக்கும் நேரத்தையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மா இளகிப்போய்த் தட்டத்தில் எழும்பாது. ஒரு இலையுதிர்காலத்தில், புது விளைச்சல் மா வந்திறங்கிய கிழமையில், நான் தாளைப் பார்க்காமல் விட்டேன். ஓர் இரவின் பாண் முழுவதும் செங்கல்லுப் போல வெளியே வந்தது. பிழை என்னுடையதுதான்.

அன்று என்னோடு நின்ற தம்பி ஒருவர், ஊரில் நான் விரிவுரையாளனாக இருந்தவன் என்று யாரோ சொல்லிவிட்டதால் இன்னமும் என்னைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். "சேர், இந்த 13.3 எண்டுறது என்ன? எங்கயிருந்து வருது?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடங்கள் பொருளியல் வரலாறு படிப்பித்தவன் நான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோதுமை ஏற்றுமதி பற்றி ஒரு பருவம் முழுக்க விரிவுரை செய்திருக்கிறேன். அந்த விரிவுரைகளில் 'வட அமெரிக்கப் புல்வெளிகளின் இயற்கை வளம் மிக்க மண்' என்று ஒரு வரி வரும். அந்த வரியைத் தாண்டி எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

இதே காலத்தில் எமது வாசிப்பு வட்டத்தில் நண்பரொருவர், கனடாக் கோதுமையின் பலம் அதன் மண்ணின் பலமே என்றும், இரசாயனப் பசளை என்பது கொம்பனிகள் பின்னாளில் திணித்த நஞ்சு என்றும், நாளை எமது மண்ணில் விவசாயம் அந்தத் 'தூய' வழிக்குத் திரும்ப வேண்டும் என்றும் நீண்ட நேரம் பேசினார். கைதட்டல் கிடைத்தது. நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலைத் திருப்பி எடுத்துக்கொள்வதற்கும் இக்கட்டுரை.

முதலில் அந்த எண். ஆலைக்காரரின் தாளில் உள்ள 'புரதம்' என்பதற்கான அளவுகோல் புரதம் அல்ல, நைதரசன். கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தால் மாப்பொருள் ஓடிப்போய்ப் பிசுபிசுத்த இழுபடும் பொருளொன்று கையில் மிஞ்சும் என்று இத்தாலியின் பொலோஞா நகரில் பெக்காரி என்பவர் 1728இல் சொன்னார். 1745இல் அது அச்சேறியது. அந்தப் பசைப்புரதம்தான் குளூட்டன். பாண் எழும்பும்போது உண்டாகும் வாயுவைப் பிடித்துவைப்பது அதுதான். ஆனால் மூட்டைக்கு மூட்டை கையால் கழுவி அளக்க இயலாது. 1883இல் கொப்பன்ஹேகனில், பியர் காய்ச்சும் கார்ல்ஸ்பேர்க் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், கெல்டால் என்ற இரசாயனவியலாளர் தானியத்தைக் கந்தக அமிலத்தில் அவித்து, அதிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கி அளக்கும் முறையைக் கண்டார். அந்த அளவை 5.7ஆல் பெருக்கினால் கோதுமைப் புரதம். இன்று ஒளியைப் பாய்ச்சி ஒரு நிமிடத்துக்குள் அளந்துவிடுகிறார்கள் என்றாலும், அந்தக் கருவிகளுக்குக் கணக்குப் பழக்குவதும் நைதரசன் அளவை வைத்துத்தான்.

ஆகவே 13.3ஐ 5.7ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ மாவில் ஏறத்தாழ 23 கிராம் நைதரசன். 20 கிலோ மூட்டையில் 460 கிராமுக்கு மேல். யூரியாவில் 46 வீதம் நைதரசன். அதாவது, நான் தோளில் தூக்கி இயந்திரத்தில் கொட்டும் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு கிலோ யூரியாவில் இருக்கும் அளவு நைதரசன் இருக்கிறது. இந்தக் கணக்கைத் தேநீர் இடைவேளையில் கடதாசிப் பெட்டியொன்றின் மேல் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சற்றுத் தலை சுற்றியது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த நைதரசன் எங்கிருந்து வந்தது என்பதுதான் வரலாற்றுக் கேள்வி.

மனிற்றோபா, சஸ்கச்சுவான், அல்பேட்டா என்ற மூன்று மாகாணங்களின் புல்வெளியில் பனிப்பாறைகள் பின்வாங்கிப் பத்தாயிரம் வருடங்களளவில் ஆகின்றன. அந்தக் காலம் முழுவதும் புல் முளைத்து, பட்டு, மட்கியது. அவரையினச் செடிகளின் வேர்முடிச்சுகளும் மண்ணின் நுண்ணுயிர்களும் காற்றிலிருந்து நைதரசனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துச் சேர்த்தன. காட்டெருமைகள் மேய்ந்து, சாணியும் மூத்திரமுமாக அதே நிலத்துக்குத் திருப்பிக் கொடுத்தன. கறுப்பு மண் என்று பெருமையாகச் சொல்லப்படுவது இந்தச் சேமிப்புத்தான். நிலத்தின் முதல் மக்களான கிறீ, சோல்ரோ, அசினிபொயின் மக்களும் மெற்றி மக்களும் அந்தக் காட்டெருமையை நம்பி வாழ்ந்தனர். 1874இல் தென் சஸ்கச்சுவானில் நான்காம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடுத்த சில வருடங்களில் காட்டெருமைக் கூட்டங்கள் முற்றாக அழிந்தன. எலும்புகளைக்கூட விடவில்லை. குடியேறிகளும் மெற்றி மக்களும் பொறுக்கிக் குவித்த எலும்பு ரயில் பெட்டிகளில் ஏறி, அமெரிக்காவில் பசளையாகவும் சீனி வெளுக்கும் கரியாகவும் மாறியது.

அதன் பிறகு வந்தது கோதுமை. இங்கு ஒரு சம்பவத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1885 வசந்தத்தில் லூயி ரியேலின் தலைமையில் மெற்றி மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிறீ மக்களில் ஒரு பகுதியினரும் எழுந்தார்கள். கனடிய அரசு படையனுப்பியது. படைக்கான பொருட்களை ஏற்றி இறக்க இந்தியன் ஹெட் பகுதிக் குடியேறிகளின் குதிரைகளும் ஆட்களும் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். அங்கஸ் மக்காய் என்பவரின் நிலமும் அந்த வருடம் விதைக்கப்படாமல் கிடந்தது; பிறகு களை வராமல் உழுது வைத்தார். 1886இல் கடும் வரட்சி. சுற்றுவட்டாரத்தில் பயிர் கருக, அவரது தரிசு நிலத்தில் மட்டும் கோதுமை விளைந்தது. அரசு அங்கே பரிசோதனைப் பண்ணையொன்றை நிறுவியபோது மக்காய்தான் அதன் முதல் அதிகாரி. ஒரு வருடம் தரிசு விட்டு மறு வருடம் விதைப்பது புல்வெளி விவசாயத்தின் வேதமாயிற்று.

ரியேல் 1885 நவம்பர் 16இல் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். அதே மாதம் 27இல் பற்றில்போர்ட்டில் கிறீ, அசினிபொயின் ஆண்கள் எட்டுப்பேர். அதே வருடத்திலிருந்துதான் முதல் மக்கள் தமது ஒதுக்கு நிலங்களைவிட்டு வெளியே போவதற்குப் 'பாஸ்' எடுக்க வேண்டியதாயிற்று. தாங்கள் விளைவித்த தானியத்தை விற்கவும் அனுமதிச் சீட்டு. தொண்ணூறுகளில் 'பாஸ்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. புதிய குடியேறி சேமிப்பைக் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சேமிப்பின் பழைய சொந்தக்காரர் அரசின் சீட்டுக்காகக் காத்து நின்றார்.

கிண்டி எடுத்தார்கள் என்பது உவமை அல்ல. தரிசு நிலம் மழைநீரைச் சேமித்தது உண்மை. ஆனால் உழுது, காற்றோட்டமாகிய மண்ணில் மட்கு விரைவாகச் சிதைந்து நைத்திரேற்றை வெளிவிட்டதும் அதேயளவு உண்மை. இரண்டு வருடச் சிதைவு ஒரு வருடப் பயிருக்குப் போனது. இதுவும் ஒரு நைதரசன் முகாமைத்துவம்தான்; பெயர் மட்டும் அப்படி வைக்கப்படவில்லை. அரசின் இரசாயனவியலாளர் பிராங்க் ஷட் இந்தியன் ஹெட்டில், 22 வருடம் உழுத மண்ணையும் பக்கத்தில் உழாத புல்வெளி மண்ணையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒப்பிட்டார். மேல்மண்ணின் நைதரசனில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு போய்விட்டிருந்தது. அதில் ஒரு பகுதிதான் தானியமாக வெளியேறியது. மீதி காற்றோடும் நீரோடும் வீணானது. எனது விரிவுரையில் வந்த 'இயற்கை வளம்' என்பது, வட்டியில் அல்லாமல் முதலைத் தின்று நடத்திய வாழ்க்கை.

அந்த முதலைத் தானியத்தில் சேர்த்துத் தந்த விதைக்கும் ஒரு கதை உண்டு. 1842இல் ஒன்ராறியோவின் ஒற்றோனபீயில் டேவிட் பைவ் என்ற ஸ்கொட்லாந்துக் குடியேறி, டான்சிக் துறையிலிருந்து கிளாஸ்கோவுக்கு வந்த கப்பலொன்றின் கோதுமையில் கொஞ்சம் பெற்று விதைத்தார். அது இன்றைய உக்ரைனின் கலீசியாக் கோதுமை என்று பின்னர் தெரியவந்தது. அந்த 'ரெட் பைவ்' நல்ல பலமான மா தந்தது. ஆனால் பிந்தி முற்றியதால் உறைபனியில் அகப்பட்டது. அதை, கல்கத்தாத் துறைமுகத்தினூடாகப் பெற்ற இந்தியக் கோதுமையான 'ஹார்ட் ரெட் கல்கத்தா'வுடன் கலந்தார்கள். 1903இல் ஒட்டாவாப் பண்ணைக்கு வந்த சார்ள்ஸ் சோண்டர்ஸ், அதற்கு முன்னர் ரொறன்ரோவில் இசை கற்பித்தவர், கலப்பினக் கதிர்களைத் தனித்தனியே எடுத்துத் தானியங்களை வாயில் போட்டு மென்றார். ஒரு கதிரில் கிடைக்கும் மணிகளை மா அரைத்துப் பாண் சுட முடியாது. பல்லில் ஒட்டி, சவ்வு போல இழுபட்டால் குளூட்டன் உண்டு. இப்படித் தெரிந்ததுதான் 1909இல் விவசாயிகளுக்குப் போன 'மார்க்கிஸ்'. ரெட் பைவைவிட ஒரு கிழமையளவில் முந்தி முற்றியது. 1920 அளவில் புல்வெளிக் கோதுமையில் பத்தில் ஒன்பது பங்கு அதுவே. எந்த இந்திய விவசாயி அந்தக் கல்கத்தா மூட்டையை விளைவித்தார் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

சேமிப்பு முடியும் என்பதை முதலில் உரக்கச் சொன்னவர் விவசாயி அல்ல, இரசாயனவியலாளர். 1898 செப்ரெம்பரில் பிரிஸ்ரல் நகரில் பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்தின் தலைமையுரையில் வில்லியம் குறூக்ஸ், உழக்கூடிய புது நிலம் தீர்ந்துவருகிறது, சிலி நாட்டின் வெடியுப்பும் தீர்ந்துவிடும், காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்க இரசாயனவியல் வழி காணாவிட்டால் பஞ்சம் வரும் என்றார். எல்லோருக்கும் வரும் பஞ்சத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டதாக நினைத்துவிட வேண்டாம். பாண் தின்னும் வெள்ளையினம் உலகில் முதலிடத்தை இழந்துவிடும் என்பதே அவரது அச்சம். அரிசி தின்பவர்கள் அந்தக் கவலைக்கு வெளியே நின்றார்கள்.

அவர் கேட்டது பதினைந்து வருடத்தில் கிடைத்தது. 1909இல் கார்ள்ஸ்ரூவவில் பிரிட்ஸ் ஹாபர் நைதரசனையும் ஐதரசனையும் பெரும் அமுக்கத்தில் இணைத்து அமோனியா துளிதுளியாய் விழுவதைக் காட்டினார். கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலையாக்கினார். 1913இல் ஒப்பாவில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த வருடம் போர் வந்ததும், சிலி வெடியுப்பு வரும் கடல்வழி அடைபட்ட ஜேர்மனிக்கு அந்த அமோனியாதான் வெடிமருந்தாயிற்று. ஹாபர் நச்சுவாயுப் போருக்கும் பொறுப்பெடுத்தார். 1915 ஏப்ரலில் ஈப்ரில் அந்தக் குளோரினைச் சுவாசித்தவர்களில் கனடியப் படையினரும் இருந்தனர். 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கே. 1921 செப்ரெம்பர் 21இல் அதே ஒப்பாவில் குவிந்து இறுகிக் கிடந்த பசளையை இளக்க வெடி வைத்தபோது பசளையே வெடித்து 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கனடாவிலும் கதை இதே திசையில்தான். 1941இல் கல்கரியில் அமோனியா ஆலை எழுந்தது போருக்கான வெடிமருந்துக்காக. போர் முடிந்ததும் அது பசளை ஆலையானது.

இருந்தும் 1960கள் வரை புல்வெளி விவசாயி நைதரசனைப் பெரிதாகக் காசு கொடுத்து வாங்கவில்லை. தரிசு இருந்தது. அதைக் குறைத்து வருடாவருடம் விதைக்கத் தொடங்கியபோதுதான் மண் கைவிரித்தது. அதே நேரம் வாங்குபவரும் மாறினார். பிரித்தானிய மா ஆலைகள் தமது மெலிந்த கோதுமைக்குப் பலம் சேர்க்கக் கனடாக் கோதுமையை நம்பியிருந்தன. 1961இல் சோர்லிவூட்டில் கண்டுபிடித்த விரைவுக் குழைப்பு முறை, குறைந்த புரத மாவிலும் பாண் சுடலாம் என்றாக்கியது. 1971இல் கனடாவின் தர ஒழுங்குகள் திருத்தப்பட்டு, மேல்தர வசந்தக் கோதுமை புரத வீதப்படி பிரித்து விற்கப்படலாயிற்று. அதுவரை மணியின் நிறமும் கண்ணாடித் தன்மையும் பார்த்து மதித்ததை, இப்போது எண் மதித்தது. அந்த எண்ணுக்கு விலையும் ஏறியது.

இனி விவசாயியின் சிக்கல். எமது நெல் விவசாயிகள் இதை அரை வசனத்தில் பிடித்துக்கொள்வார்கள். அடிக்கட்டுப் பசளை, மேற்கட்டுப் பசளை என்ற பிரிவே இதன் முழு விடயமும். கோதுமைச் செடி கிடைக்கும் நைதரசனை முதலில் மட்டம் வெடிக்கவும் இலை போடவும் கதிர் பெருக்கவும் செலவிடும், அதாவது விளைச்சலுக்கு. விளைச்சலின் பசி தீர்ந்த பிறகே மிச்சம் புரதமாக மணியில் சேரும். ஆகவே நைதரசன் மிகவும் பஞ்சமான நிலத்தில் கொஞ்சம் பசளை போட்டால், விளைச்சல் கூடிப் புரத வீதம் குறைவதும் உண்டு. நல்ல மழை வருடத்தில் விளைச்சல் கூடும், புரதம் நீர்த்துப்போகும். வரட்சி வருடத்தில் மணி சிறுத்துப் புரதம் உயரும். எனது செங்கல்லுப் பாண் வந்தது அப்படியான மழை வருடத்தின் பின்னர்தான். மனிற்றோபாவில் செந்நிற வசந்தக் கோதுமையின் புரதம் 13.5 வீதத்துக்குக் கணிசமாகக் கீழே இறங்கினால், விளைச்சலுக்கே நைதரசன் போதவில்லை என்று கொள்கிறார்கள். விவசாயிக்கு அந்த எண் விலை மட்டுமல்ல, போன வருடத்துப் பரீட்சைப் புள்ளியும்கூட.

சில வருடங்களுக்கு முன்னர் கோடை விடுமுறையில் பேருந்தேறி இந்தியன் ஹெட் பக்கம் போனேன். விடுமுறைக்குப் போகும் இடமா அது என்று மனைவி கேட்டது நியாயம். அங்கே ஒரு முதிய விவசாயி என்னோடு வேலியோரம் நின்று பேசினார். விதைக்கும்போதே விதைக்குப் பக்கத்தில் நைதரசனை மண்ணுக்குள் வைத்துவிடுகிறார். மேலே எறிந்தால் யூரியா அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும். பிறகு கொடியிலை வரும்போது, எங்கள் பாசையில் குடலைப் பருவத்தையொட்டி, ஒரு முடிவு எடுக்க வேண்டும்: இன்னும் கொஞ்சம் போடுவதா? அப்போது போடுவது விளைச்சலை அதிகம் கூட்டாது. பூக்கும் காலத்தையொட்டிப் போட்டால் புரதத்தை அரை வீதம், சில வேளை ஒரு வீதம் உயர்த்தும். ஆனால் மழை வந்து மண்ணுக்குள் இறக்க வேண்டும். இலையில் தெளித்தால் கருகும் ஆபத்து. போதாததற்குச் செடி மணியில் வைக்கும் நைதரசனில் பெரும்பகுதி, பூக்கமுன்னரே இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்ததை இறக்கிக் கொடுப்பதுதான். பிந்திப் போடுவது ஒரு ஒட்டு. இவ்வளவும் சரிவந்தாலும், இலையுதிர்காலத்தில் புரதத்துக்கு மேலதிக விலை இருக்குமா என்பது ஆனி மாதத்தில் யாருக்கும் தெரியாது. நாடு முழுக்கப் புரதம் கூடிய வருடத்தில் அந்த மேலதிக விலை ஒன்றுமில்லாமல் போகும். 2012 ஓகஸ்டில் கோதுமைச் சபையின் ஏகபோகம் முடிந்த பிறகு இந்தச் சூதாட்டம் ஒவ்வொருவரின் தனிச் சூதாட்டம் என்றார். தெளிக்கிறீர்களா என்று கேட்டேன். மூன்று வருடத்தில் ஒருமுறை என்றார்.

ஒரு தொன் கோதுமை, 13.5 வீதப் புரதத்தோடு, 24 கிலோ நைதரசனை வயலைவிட்டு வெளியே கொண்டுபோகிறது. அது திரும்பி வருவதில்லை. ரொறன்ரோவின் கழிவுநீரில் கலக்கிறது. அதை ஈடுசெய்யப் போடும் பசளையில் ஒரு பகுதி பயிருக்குச் சேராமல் நீரிலும் காற்றிலும் போகிறது. நைத்திரசு ஒட்சைட்டாகி வானத்தையும் சூடாக்குகிறது. பசளையிலிருந்து வரும் இந்த வாயுவை 2030க்குள் 30 வீதம் குறைப்பதென்று கனடிய அரசு 2020இல் அறிவித்தபோது விவசாயிகள் கொதித்தார்கள். கடலையும் பயறும் மாறிமாறி விதைத்துக் கொஞ்சம் மீட்கலாம், பலர் மீட்கிறார்கள். இவையெல்லாவற்றிலும் நண்பர் பக்கம் நியாயம் உண்டு. நான் மறுப்பது அவரது வரலாற்றை. பசளைக்கு முந்திய தூய்மை என்று அவர் காட்டும் காலம், மற்றவனின் சேமிப்பைத் தின்ற காலம்.

எமக்கு அந்தச் சேமிப்பும் இல்லை. இப்போது தலை சுற்றிய கதை. 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தபோது தடைப்பட்ட பொருட்களில் பசளையும் ஒன்று. வெடிமருந்தாகும் என்பது காரணம். ஒப்பாவையும் கல்கரியையும் படித்த பிறகு அந்தக் காரணம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். வன்னியில் எனது சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் வயல். 1993 காலபோகத்தில் பயிர் மஞ்சளாகி நின்றது. மேற்கட்டுக்கு யூரியா இல்லை. வவுனியாப் பக்கம் போனவர், இரண்டு கிலோ யூரியாவைச் சவ்வரிசியோடு கலந்து பையில் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டும் பார்வைக்கு ஒன்று. சோதனைச் சாவடியில் நின்றவன் ஒரு சிட்டிகை அள்ளி நாக்கில் வைத்தான். துப்பினான். சித்தப்பா மூன்று நாள் கழித்து வீடு வந்தார். இடது காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. மூன்று ஏக்கருக்கு இரண்டு கிலோ எந்த மூலைக்குக் காணும் என்று சித்தி பலகாலம் கேட்டுக்கொண்டிருந்தா. நாற்று மேடைக்காவது காணும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

இரண்டு கிலோ. எனது கணக்கில் இரண்டு மாமூட்டை. ஓர் இரவில் நான் தூக்கிக் கொட்டுவது நூற்றுக்கு மேல்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி இலங்கை முழுவதற்கும் ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. இம்முறை காரணம் நஞ்சு. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் காலபோக விதைப்புத் தொடங்கியிருந்தது. நெல் விளைச்சல் கடுமையாக விழுந்தது; அரிசி கப்பலில் வந்தது. சித்தப்பாவின் மகன் தொலைபேசியில், "அண்ணை, அப்பான்ர காலத்தில வெடிக்குமெண்டு மறிச்சாங்கள், இப்ப நஞ்செண்டு மறிக்கிறாங்கள்" என்றான். பாதி வயலைத்தான் விதைத்ததாகவும் சொன்னான். எமது வாசிப்பு வட்ட நண்பர் அந்த நாட்களில் தடையை வரவேற்றுப் பேசியவர்.

நண்பர் மறுப்பு எழுதுவதானால், தூய்மை பற்றி அல்லாமல் இந்தக் கணக்குக்குப் பதில் எழுதட்டும்: ஓர் ஏக்கர் நெல்லோடு வயலைவிட்டுப் போகும் நைதரசன் எத்தனை கிலோ? அதில் எருவாக எவ்வளவு, பசுந்தாளாக எவ்வளவு, அவரையினப் பயிரால் எவ்வளவு திரும்ப வரும்? அந்த எருவுக்கு மாடு எத்தனை, அந்த மாடு மேய நிலம் எங்கே? மிச்சத்தை எதால் நிரப்புவது? பதிலை அச்சேறமுன்னர் எனக்கு அனுப்பத் தேவையில்லை. சித்தப்பாவின் மகனுக்கு அனுப்பினால் போதும்.